இடுப்பு வலியும் தாம்பத்தியமும்: டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். வயது 41. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. பாதி நாள் நாற்காலி, மீதி நாள் டையிங், பிரிண்டிங் என்று பைக்கில் அலைச்சல். ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஒருநாள் சாம்பிள் பெட்டியைத் தூக்கியபோது இடுப்பில் சுளீர் என்றது. மறுநாள் வலி இடது காலில் கெண்டை வரை இறங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் எல்4–எல்5 டிஸ்க் (இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை) பிதுங்கி நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதாக வந்தது. ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையும் பிசியோவும் போதும் என்றார் டாக்டர்.

கால் வலி இப்போது நன்றாகக் குறைந்துவிட்டது. பைக் எப்போது எடுக்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம் என்றெல்லாம் டாக்டரிடம் கேட்டேன். தாம்பத்தியம் பற்றி மட்டும் வாய் வரவில்லை. கூடவே மைத்துனர் உட்கார்ந்திருந்தார், நர்ஸ் நின்றிருந்தார். டாக்டராகவும் சொல்லவில்லை.

வலி வந்ததிலிருந்து நான் ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறேன். மனைவி பையனோடு உள்ளே. சண்டையெல்லாம் இல்லை. நடுவில் ஒருமுறை முயன்றோம். பாதியில் முதுகு பிடித்துக்கொண்டது, அவள் பயந்துபோனாள். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. உறவு வைத்துக்கொண்டால் டிஸ்க் இன்னும் வெளியே வந்துவிடுமா? எந்த நிலை முதுகுக்குப் பாதுகாப்பு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். லேகியம் விற்கிறவர்கள் தனிமடல் அனுப்ப வேண்டாம்.

மார்கழிப்பனி எழுதியது:

இதே கேள்விதான் எனக்கும். துண்டு போட்டு வைக்கிறேன்.

அனுபவம்60 எழுதியது:

தம்பி, முதுகெலும்பின் சத்துதான் விந்து. அது விரயமாக விரயமாக இடுப்பு தேயும். குறைந்தது ஒரு மண்டலமாவது பிரம்மச்சரியம் இருங்கள். உளுந்தங்களி, நல்லெண்ணெய்க் குளியல். டிஸ்க் தானாக உள்ளே போய்விடும்.

பாளையங்கோட்டை பிசியோ எழுதியது:

அண்ணாச்சி, உளுந்தங்களி தாராளமாகச் சாப்பிடட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் விந்துக்கும் முதுகெலும்புக்கும் இடையே போக்குவரத்து எதுவும் கிடையாது. விந்து போனால் உடம்பு வற்றும் என்ற பயம் நம் நாட்டில் எவ்வளவு பரவலானது என்றால், மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் 1960-லேயே இதற்கு 'தாத் நோய்க்குறி' என்று பெயர் வைத்துவிட்டார். பெண்களிடம் இதே பயம் வெள்ளைப்படுதல் மேல் விழுகிறது. 'வெள்ளை பட்டுப் பட்டு இடுப்பு தேஞ்சு போச்சு சார்' என்றுதான் என்னிடம் வருகிற பலர் ஆரம்பிப்பார்கள். பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர் ஒட்டும் லாட்ஜ் வைத்தியர்கள் பிழைப்பதே இந்தப் பயத்தில்தான்.

நொய்யல்கரை, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் அந்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 33 ஆய்வுகள், 3,110 பேர். வலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது, 40 வயதில் 50 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். அதனால் 'பிதுங்கியிருக்கிறது' என்ற வரியைப் பார்த்தே கட்டிலை விட்டு ஓட வேண்டியதில்லை. உங்களுக்குக் காலில் இறங்கிய வலி உண்மையான நரம்பு வலி, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வலி இறங்குமுகமாக இருக்கிறது, காலில் பலம் குறையவில்லை, சிறுநீர் மலம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், நிதானமான உறவால் டிஸ்க் தெறித்து வெளியே வந்துவிடாது. தரையில் கிடக்கும் தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்குவது அதைவிட முதுகுக்குக் கடினமான வேலை.

அடுத்தது, 'எந்த நிலை பாதுகாப்பு' என்றால் எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. உங்கள் முதுகுக்கு எந்தப் பக்கம் ஆகாது என்பதைப் பொறுத்தது. இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தால், ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால், தும்மினால் வலி கூடுகிறதா? நடந்தால், குப்புறப் படுத்தால் தேவலையா? அப்படியானால் உங்களுடையது குனிந்தால் ஆகாத முதுகு. இதற்கு நேர்மாறாக, நின்றால் நடந்தால் வலித்து, மேல் பரணில் கை வைக்க நிமிர்ந்தால் சுரீர் என்று பிடித்து, உட்கார்ந்ததும் அப்பாடா என்று இருந்தால் நிமிர்ந்தால் ஆகாத முதுகு. இரண்டு பக்கமும் வலிக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு எந்த நிலை என்பதைவிட அசைவின் அளவும் வேகமும்தான் முக்கியம்.

நீங்கள் எந்த ரகம் என்று சொல்லுங்கள், மேலே பேசலாம்.

ஸ்காபரோ வாசி எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்போது கனடா. நாரி நோ, அதாவது இடுப்பு வலி, எனக்கும் கனகாலமாக இருக்கிறது. பிசியோ சொன்ன விசயத்தை உண்மையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள், அதுவும் இங்கே ஒன்டாரியோவில். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு ஆராய்ச்சியாளர் ஸ்டுவர்ட் மெக்கிலும் அவருடைய மாணவி நட்டாலி சிடோர்கேவிச்சும் 10 சோடிகளைக் கூப்பிட்டு, உடம்பில் உணரிகளை ஒட்டி, உறவின்போது முதுகெலும்பு எப்படி அசைகிறது என்று பதிவு செய்தார்கள். சினிமா கிராபிக்ஸுக்குப் பயன்படுத்துகிற அதே மாதிரியான தொழில்நுட்பம். ஆண்களைப் பற்றிய முடிவு 2014-ல் வந்தது.

அதற்கு முன்னால் வைத்தியர்மார் நாரி நோ என்றால் எல்லாருக்கும் 'பக்கவாட்டில் சரிந்து படுத்துச் செய்யுங்கோ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளந்து பார்த்தால், குனிந்தால் நோகிற ஆண்களுக்கு அந்த நிலைதான் கூடாது என்று வந்தது. முதுகு வில் மாதிரி முன்னால் வளைகிறது. அவர்களுக்கு மனைவி முழங்காலும் கையும் ஊன்றியிருக்க, கணவர் பின்னால் நிமிர்ந்திருக்கிற நிலைதான் நல்லது என்று சொன்னார்கள். ஒன்று சொல்ல வேண்டும், அதில் பங்கெடுத்தவர்கள் நோ இல்லாதவர்கள். அதனால் வேதவாக்காக எடுக்காதேயுங்கோ, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன ஆலோசனையை விட இது எவ்வளவோ மேல்.

எனக்கு அது பொருந்தியது. முன்னம் சரிந்து படுத்துத்தான் முயற்சி செய்வோம், அடுத்த நாள் காலையில் சப்பாத்து லேஸ் கட்ட மனிசியைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

கண்ணியம்காப்போம் எழுதியது:

குடும்பத்தினர் வந்துபோகும் தளம் இது. படுக்கையறை விஷயத்தைப் பொதுவில் இப்படி அலச வேண்டுமா? டாக்டரிடம் கேட்டால் போதாதா?

நெறியாளர் எழுதியது:

உடல்நலப் பகுதியில், வயது வந்தோருக்கான குறிப்போடுதான் இந்த இழை இருக்கிறது. மொழி எல்லை மீறாதவரை தொடரலாம். டாக்டரிடம் கேட்க முடியாமல்தான் அவர் இங்கே வந்திருக்கிறார்.

நொய்யல்கரை எழுதியது:

பிசியோ சார், ஸ்காபரோ சகோ, மிக்க நன்றி. எனக்குக் குனிந்தால்தான் வலி. சாக்ஸ் போடுவது, கார் சீட், தும்மல் மூன்றும் ஆகாது. குப்புறப் படுத்தால் காலில் இழுப்பு குறைகிறது. பிசியோ சென்டரிலும் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் பயிற்சிதான் கொடுத்திருக்கிறார்கள்.

பாளையங்கோட்டை பிசியோ எழுதியது:

அப்படியென்றால் படம் தெளிவு. அந்தப் பயிற்சிக்கே ஒரு கதை உண்டு. 1950-களில் நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோவிடம் வந்த கால் வலிக்காரர் ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த மேசையில் தெரியாமல் குப்புறப் படுத்துக்கொண்டார். முதுகு பின்பக்கமாக வளைந்து கிடந்தது. மெக்கென்சி பதறிப்போய் உள்ளே வந்தால், 'வலி இத்தனை குறைந்து பல நாளாயிற்று' என்றாராம் நோயாளி. 'எந்தப் பக்கம் அசைந்தால் வலி குறைகிறது' என்று பார்க்கும் முறை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

உங்களுக்கு நடைமுறையில் இது:

மனைவி கட்டிலில் முழங்காலிட்டுத் தலையணை மேல் சாய்ந்திருக்க, நீங்கள் பின்னால் முழங்காலிட்டோ, கட்டில் உயரம் சரியாக இருந்தால் தரையில் நின்றோ இருக்கலாம். இதில் முதுகு இயல்பான வளைவில் இருக்கும். அசைவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும், நடு முதுகு சுருண்டு நிமிரக் கூடாது. இது பலருக்குப் பிடிபடாது. பகலில், தனியாக, சுவரைத் தொடாமல் முன்னால் ஒரு அடி தள்ளி நின்று, முதுகை நேராக வைத்தபடி பின்புறத்தால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அந்த அசைவுதான். குனிந்து பொருள் எடுக்கவும் அதேதான், அதனால் கற்றுக்கொண்டது வீணாகாது.

முகம் பார்க்கிற நிலைதான் வேண்டும் என்றால், நீங்கள் மல்லாந்து படுத்து, இடுப்புக்குழியில் சின்னத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். மனைவி மேலே. அசைவு அவர் கையில். வழக்கமான நிலையில் நீங்கள் மேலே இருப்பதானால் முழங்கையில் சரியாமல் கையை நேராக ஊன்றுங்கள். சோபாவில் சரிந்து உட்கார்வதும், பக்கவாட்டில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு படுப்பதும் இப்போதைக்கு வேண்டாம்.

பெண்களுக்கு வலி என்றால் கணக்கு மாறும். குனிந்தால் ஆகாத பெண் மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுவரை மடக்கினால், அதுவே முழுக் குனிவு. வலி உறுதி. காலைத் தாழ்வாக வைத்து, இடுப்புக்குழியில் துண்டு கொடுக்க வேண்டும். நிமிர்ந்தால் ஆகாத பெண்ணுக்கு இதே மல்லாந்த நிலையில் முழங்காலை மடக்கி, அடியில் தலையணை கொடுத்தால் சுகமாக இருக்கும், குப்புறப் படுப்பதுதான் ஆகாது.

நேரம் முக்கியம். காலை எழுந்ததும் டிஸ்க் நீர் கோத்து விறைப்பாக இருக்கும், அப்போது குனிவு இன்னும் ஆகாது. கொஞ்சம் நடமாடிய பிறகு, வெந்நீர்க் குளியலோ ஒத்தடமோ கொடுத்துவிட்டு என்றால் தசை இளகியிருக்கும். முடிந்தவுடன் துள்ளி எழாமல் இரண்டு நிமிடம் குப்புறப் படுத்திருங்கள். மறுநாள் கொஞ்சம் வலி கூடி, ஓரிரு நாளில் பழைய அளவுக்கு வந்துவிட்டால் கவலை இல்லை. கால் வலி கீழ்நோக்கி நீண்டால் அந்த நிலை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

தாழம்பூ எழுதியது:

ஆண்கள் எல்லாரும் கோணம், துண்டு, தலையணை என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளாக நான் கொஞ்சம் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஷெட் வைத்திருக்கிறார். டிஸ்க் ஆபரேஷன் ஆனது. டிஸ்சார்ஜ் ஷீட்டில் எல்லாம் இருந்தது, புண்ணை நனைக்காதே, குனியாதே, ஆறு வாரம் வண்டி ஓட்டாதே. இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அவர் என்னைத் தொடுவதையே நிறுத்திவிட்டார். கையைப் பிடிப்பது, தலையில் எண்ணெய் வைத்துவிடச் சொல்வது எல்லாம் நின்றுபோனது. தொட்டால் நான் எதிர்பார்ப்பேன், எதிர்பார்த்தால் அவரால் முடியாது, அதனால் தொடாமல் இருப்பதே நல்லது என்று நினைத்திருக்கிறார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்கு உடம்பு போட்டுவிட்டது, அதனால்தான் என்று. ஒருவரையொருவர் கேட்கவில்லை, மாதக்கணக்கில்.

நொய்யல்கரை அண்ணா, உங்கள் மனைவி பயந்துபோனதாகச் சொல்கிறீர்கள். உங்களுக்கு வலிக்கக் காரணமாகிவிட்டோமே என்ற பயம் அது. 'வலித்தால் நானே சொல்வேன், நீ பயப்படாதே' என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னால் ஒழிய அது போகாது. நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். வலி ஆரம்பித்தால் அவர் என் தோளைத் தட்டுவார். உடனே நிறுத்திவிடுவோம், ஏன் என்ன என்று விசாரணை கிடையாது. அது இருக்கிற தைரியத்தில்தான் நான் கண்ணைத் திறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை விட்டேன். அதற்கு முன்னால் அவர் லேசாக முகம் சுளித்தாலும் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

எங்களுக்கு ஒரு கவுன்சலிங் டாக்டர் சொன்ன முறை: கொஞ்ச காலத்துக்கு உறவு கிடையாது என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பதில் இரவில் கொஞ்ச நேரம் தொடுவது மட்டும். முதலில் கை, முதுகு, தலை. பிறகு மெதுவாக மற்றதெல்லாம். அடுத்தது என்ன என்ற பதற்றமே இல்லாததால் உடம்பு தானாக இளகும். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் 1970 வாக்கில் பிரபலப்படுத்திய முறையாம். எங்களுக்குப் பெயர் எதற்கு, வேலை செய்தது.

இடம் பற்றி யாருமே சொல்லவில்லை. எங்களுடையது இரண்டு அறை வீடு, மாமனார் மாமியார் ஹாலில். பழைய இரும்புக் கட்டில், திரும்பிப் படுத்தாலே ஊருக்குத் தெரியும். அதில் நடுப்பள்ளம் விழுந்த இலவம்பஞ்சு மெத்தை வேறு, படுத்தால் முதுகு தொட்டிலில் கிடக்கிற மாதிரி வளையும். கடைசியில் மெத்தையை மாற்றி, தரையில் ஜமக்காளம் விரித்து அதன் மேல் போட்டோம். சத்தமும் போனது, பள்ளமும் போனது. முதுகுக்காக என்று சொன்னதால் மாமியாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்னொன்று. சிரிக்காதீர்கள். முதுகுக்குத் தைலம் தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வேறு எங்கும் வைக்காதீர்கள். அந்த இரவு எங்கள் வீட்டில் விசிறியும் ஐஸ் கட்டியுமாகக் கழிந்தது.

மார்கழிப்பனி எழுதியது:

தாழம்பூ அக்கா, ஐஸ் கட்டி வரியில் ஆபீஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

என் கேள்வி வேறு. வலி ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் இரவு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து ஆசையே வருவதில்லை, வந்தாலும் உச்சம் வருவதில்லை. நரம்பு வலிக்கு ப்ரீகாபாலினும் டுலோக்செட்டினும் எடுக்கிறேன். வயது 34தான். இது மாத்திரையாலா, மனதாலா?

மருந்துச்சீட்டு எழுதியது:

பார்மசிஸ்ட் என்ற முறையில்: இரண்டுமே காரணமாக இருக்கலாம். டுலோக்செட்டின் மன அழுத்தத்துக்கும் கொடுக்கும் மருந்து. நரம்பு வலியையும் குறைக்கும், கூடவே ஆசையைக் குறைப்பது, உச்சத்தைத் தாமதப்படுத்துவது எல்லாம் அதன் தெரிந்த பக்கவிளைவு. ப்ரீகாபாலினுக்கும் உண்டு, தூக்கக் கலக்கம் தனி. அமிட்ரிப்டிலினும் இந்த வரிசைதான். டிரமடால் மாதிரி ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளை நெடுநாள் எடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் குறையும். பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் வகைகளில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை, ஆனால் டைக்ளோஃபெனாக் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம், சாப்பிட்ட பிறகே எடுக்க வேண்டும்.

நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் 'இந்த மாத்திரை தொடங்கிய பிறகு தாம்பத்தியத்தில் சிரமம்' என்று ஒரே வரி சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ, நேரத்தை மாற்றவோ, வேறு மருந்து தரவோ அவருக்கு வழி இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியே இல்லை. வாய் வரவில்லையா, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரிப்போர்ட்டோடு நீட்டுங்கள். எங்கள் கடைக்கே அப்படிச் சீட்டு கொண்டுவருகிறவர்கள் உண்டு.

காவிரிக்கரைத் தாத்தா எழுதியது:

67 வயதில் இந்த இழையில் எழுதினால் பேரப்பிள்ளைகள் என்ன சொல்வார்களோ. சொல்லட்டும்.

எனக்குத் தண்டுவடப் பாதை சுருக்கம். நின்றால், கொஞ்சம் நடந்தால் இரண்டு காலும் கனத்துப்போகும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்துகொண்டு நடந்தால் எத்தனை சுற்று வேண்டுமானாலும் வருவேன். அதாவது மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் தலைகீழ். முதுகுக்குழியில் துண்டு வைத்தால் எனக்கு உயிர் போகும். கைப்பிடி இல்லாத உறுதியான மர நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்வதும், இருவரும் பக்கவாட்டில் கால் மடக்கிப் படுப்பதும்தான் எங்களுக்குச் சரிப்பட்டது. அதனால் தம்பிகளே, ஒருவருக்குச் சொன்ன நிலையை அடுத்தவர் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வயதில் விறைப்புக்கு மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. இதய வலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர்கள் இந்த விறைப்பு மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும் என்று என் டாக்டர் எச்சரித்தார். முதுகு வலிக்காரர் கேட்டால் கடைக்காரர் இதயம் பற்றி விசாரிக்கப் போவதில்லை.

அனுபவம்60 எழுதியது:

தாத்தாவே நாற்காலி வரை வந்துவிட்டார். நான் உளுந்தங்களியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சிவகாசிச்சரவெடி எழுதியது:

பிசியோ சார், சிறுநீர் மலம் சரியாக இருக்கிறதா என்று முதலில் கேட்டீர்கள். அது ஏன்? எனக்குப் பாதத்தின் வெளிப்பக்கமும் சுண்டு விரலும் மரத்துப்போய் இருக்கிறது. அதுவும் ஆபத்தா?

பாளையங்கோட்டை பிசியோ எழுதியது:

பாத ஓரம் மரப்பது பெரும்பாலும், முதுகின் அடியிலிருந்து பாதத்துக்கு இறங்கும் எஸ்1 என்ற ஒரு நரம்பு நெருக்கப்படுவதால். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில், அந்த ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா பாருங்கள். முடிகிறது என்றால் அடுத்த முறை டாக்டரிடம் சொன்னால் போதும். முடியவில்லை, பாதம் தொங்குகிறது என்றால் இந்த வாரமே காட்டுங்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. தண்டுவடத்தின் அடியில் குதிரை வால் மாதிரி நரம்புக் கொத்து ஒன்று இருக்கிறது. பெரிய டிஸ்க் துண்டு அதை மொத்தமாக அழுத்தினால், பைக் சீட்டில் படுகிற இடம் முழுக்க, பிறப்புறுப்பும் சேர்த்து, மரத்துப்போகும். சிறுநீர் வராமல் கட்டும், அல்லது தெரியாமலே போகும். மலம் கட்டுப்பாடு போகும். இரண்டு காலிலும் பலம் குறையும். நேற்று வரை இருந்த விறைப்போ உணர்வோ திடீரென்று காணாமல் போவதும் இதன் அறிகுறியாக இருக்கலாம். அது மனச்சோர்வு, மாத்திரை என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யக்கூடாது. அன்றைக்கே, இரவானாலும், நரம்பு அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், 108-ஐக் கூப்பிடலாம். மணிக்கணக்கில் தாமதித்தால் திரும்பாத நரம்பு அது.

இதைத் தவிர காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வலி, இவையும் முதலில் டாக்டர், பிறகுதான் மற்ற பேச்சு. இளம் ஆண்கள் கவனிக்க: விடியற்காலையில் வலியால் விழிப்பு வந்து, எழுந்த பிறகு அரை மணிக்கு மேல் விறைப்பு இருந்து, நடமாட நடமாடக் குறைந்தால் டிஸ்க் என்று நினைத்துக் காலம் கடத்தாதீர்கள். அது அழற்சி வாதமாக இருக்கலாம், அதற்கு வாத நோய் நிபுணர் வேண்டும், மருந்தும் வேறு.

ஆபரேஷன் ஆனவர்கள்: சின்னத் துளை போட்டு டிஸ்க் துண்டை மட்டும் எடுத்தவர்களைச் சில வாரங்களிலேயே அனுமதிப்பார்கள். தட்டு, திருகு வைத்து எலும்பை இணைத்தவர்களுக்கு மாதக் கணக்காகலாம். உங்கள் சர்ஜன் சொல்வதுதான் கணக்கு, கேட்டு வாங்குங்கள்.

வெண்பஞ்சு எழுதியது:

அக்காமார்களிடம் ஒரு கேள்வி. சிசேரியன் ஆகி நான்கு மாதம். அன்றிலிருந்து இடுப்பு வலி. முதுகில் போட்ட ஊசியால்தான், இனி ஆயுசுக்கும் போகாது என்கிறார் மாமியார். உறவின்போது வலிக்கிறது, அதை நினைத்து உடம்பை இறுக்கிக்கொள்கிறேன், அப்புறம் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. தாய்ப்பால் கொடுக்கிறேன். கணவர் பொறுமையானவர், ஆனால் எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

நைட்டூட்டி எழுதியது:

லேபர் வார்டில் நெடுங்காலம் வேலை பார்ப்பவள் சொல்கிறேன் தங்கம். ஊசி குத்திய இடம் சில நாள் தொட்டால் வலிக்கும், அவ்வளவுதான். ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நீண்டகால முதுகு வலியில் வித்தியாசம் இல்லை. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறது. கர்ப்பத்தில் மூட்டுப் பிணைப்புகள் தளர்ந்திருக்கும், வயிற்றுத் தசை விரிந்து பலம் இழந்திருக்கும், அதற்குப் பிறகு ஆறேழு கிலோ குழந்தையைக் குனிந்து குனிந்து தூக்குகிறாய். காரணம் அங்கே இருக்கிறது.

பால் கொடுக்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும். அதனால் அந்த இடம் வறண்டு போகும். உனக்கு ஆசை இல்லை என்பதால் வருகிற வறட்சி இல்லை அது. தண்ணீர் சார்ந்த லூப்ரிகண்ட் ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும், தாராளமாகப் பயன்படுத்து. தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஆணுறை பயன்படுத்தினால் எண்ணெய் ஆகாது, லேடெக்ஸ் கிழிந்துவிடும். பால் கொடுத்தால் கர்ப்பம் தரிக்காது என்று நம்பி வந்து அழுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. காப்பர் டி போட்டிருக்கிறாயா?

இறுக்கிக்கொள்வது பற்றி: வலிக்கும் என்று நினைத்ததுமே அடி இடுப்புத் தசைகள் தாமாக இறுகும், அது முதுகையும் சேர்த்துப் பிடிக்கும். அந்தத் தசைகளை இறுக்கி விடுகிற 'கீகல் பயிற்சி செய்' என்று எல்லாரும் சொல்வார்கள். ஏற்கெனவே இறுகியிருப்பவள் மேலும் இறுக்கினால் வலி கூடும். முதலில் தளர்த்தக் கற்றுக்கொள். மல்லாந்து முழங்கால் மடக்கி, வயிறு உப்பும்படி மூச்சை உள்ளே இழு, அப்போது அடியில் தசை விரிந்து இறங்குவதைக் கவனி. பெண்களுக்கான இடுப்புத் தசை பிசியோக்கள் இப்போது பெரிய ஊர்களில் இருக்கிறார்கள், மகப்பேறு டாக்டரிடம் கேட்டால் அனுப்புவார். தையல் இடம், கர்ப்பப்பை எல்லாம் ஆறிவிட்டதா என்றும் அவரே பார்த்துச் சொல்லட்டும்.

வெண்பஞ்சு எழுதியது:

அக்கா, காப்பர் டி போட்டிருக்கிறது. பக்கவாட்டில் படுத்தால் உள்ளே ஏதோ விலகுகிற மாதிரி பின்புறம் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்கிறது. திரும்பிப் படுக்கும்போதும்தான்.

நைட்டூட்டி எழுதியது:

அது இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டாக இருக்கலாம். இரண்டு காலும் வேறு வேறு திசையில் போனால் அது சுருக்கென்கும். திரும்பும்போது முழங்கால்கள் இரண்டையும் ஒட்டி வைத்து ஒரே கட்டையாகத் திரும்பு, படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வை. உறவின்போதும் காலை அகலமாக விரிக்கும் நிலை இப்போது வேண்டாம், பக்கவாட்டில் படுத்து மேல்காலுக்குத் தலையணை கொடுத்துப் பார். குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்த பிறகு வைத்துக்கொள், மார்பும் கனக்காது, நடுவில் அழுமோ என்ற பதைப்பும் இருக்காது.

மாமியாரோடு ஊசி பற்றி வாதாடாதே. இரவில் ஒரு தடவையாவது குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கி உன் மடியில் கொடுக்கச் சொல்.